நாங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிட்ட பாம்பு

மில்லிக்கனில், சாப்பாடு கட்டிக் கொடுக்கிற ஒரு ரேக்-அவுட் கடையில் நின்றபோதுதான் இந்த மடல் மனதில் தொடங்கியது. நீர் கண்மூடிய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ரோல்சும் பற்றிசும் சொல்லியிருந்தேன். "இப்ப எடுத்திடுவம் அன்ரி, கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள் கடையில் நின்ற பிள்ளை. இந்தக் கடைகளில் 'இப்ப' என்பதற்கு எல்லை கிடையாது. நான் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். மிச்சமிருந்த வடைகளின் மேல் ஒரு சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. சூடேறிய கண்ணாடியில் தூசி கருகும் மணம், எண்ணெய் மணத்தையும் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. எனக்கு மாப்பிள்ளையின் நினைவு வந்தது.

வெளியாள் யாராவது இதைப் படித்தால் ஏதோ ஒரு வீட்டு மருமகனைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைப்பார்கள். அது ஒரு பாம்பு. உம்முடைய பாம்பு.

தொண்ணூறுகளின் நடுவில், இந்தப் பனி நாட்டில், நீரும் நானும் டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் ஆளுக்கொரு அறையாக இருந்தோம். நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, நீர் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்க வேதக்காரி. தெரிந்தவர் ஒருவர் சேர்த்துவைத்த கூட்டு. தொடக்கத்தில் ஒருவரை ஒருவர் 'நீங்கள்' என்றோம். பிறகு அது 'நீர்' ஆனது. கடைசிவரை அதற்குக் கீழே இறங்கவில்லை. அந்த அளவு தூரம் எங்கள் இருவருக்குமே பிடித்திருந்தது.

நான் உடுப்புத் தைக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன். உமக்கு, வளர்ப்புப் பிராணிகள் விற்கிற கடையொன்றில் கூடு கழுவுகிற வேலை. ஒருநாள் பின்னேரம் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க, கோட்டுக்குள் எதையோ அணைத்துப் பிடித்தபடி வந்தீர். வெளியே எடுத்தபோது அது முடிச்சுப் போட்ட தலையணை உறை. உள்ளே எதுவோ அசைந்தது.

"பாம்பு," என்றீர், மரக்கறி வாங்கி வந்ததுபோல.

"உமக்கு விசரே?"

"கடிக்குதாம். ஒருத்தரும் வாங்கீனமில்லை. அனுப்பிவிடப் போறன் எண்டு முதலாளி சொன்னார். நான் கொண்டு போறன் எண்டன்."

பஸ்ஸில் மடியில் வைத்து, குளிர் படாமல் கோட்டால் மூடிக்கொண்டு வந்தீராம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி குழந்தையாக்கும் என்று சிரித்தாளாம். "நித்திரை எண்டு சொன்னன்" என்றீர். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே வேறு அறை தேடுவேன் என்று சத்தம் போட்டேன். நீர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தீர்.

அது ஆப்பிரிக்கப் பக்கத்து மலைப்பாம்பில் ஒரு சின்ன வகை. நஞ்சு இல்லை. கறுப்பும் மண்நிறமுமாக என் முழங்கைத் தடிப்பில் இருந்தது. ஆள் கிட்டப் போனால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுவிடும். மீறிக் கை வைத்தால் சீறும், கொத்தும். கண்ணாடித் தொட்டி வந்தது, சிவப்பு பல்ப் வந்தது, என்னுடைய உடைந்த மண்சட்டி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டு அதன் வீடாயிற்று. வரவேற்பறையின் சூடான மூலை அதற்குத்தான். வேலை வெட்டி கிடையாது. சாப்பாடு இருக்கிற இடத்துக்கு வரவேண்டும். கூப்பிட்டால் கோபம், பார்த்தால் ரோசம். "வீட்டோடை வந்த மாப்பிள்ளையை விட உது மோசம்" என்று நான் எரிச்சலில் சொன்னதுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த நாள் காலையில் நீர் தொட்டியைப் பார்த்து, "மாப்பிள்ளை எழும்பிட்டாரோ?" என்று கேட்டீர்.

தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் உம்முடைய மாதா சொரூபம் இருந்தது. மாதாவின் காலடியில் ஒரு பாம்பு நசுங்கிக் கிடக்கும். அதற்கு நேர் எதிரே தொட்டிக்குள் இந்தப் பாம்பு பல்ப்புச் சூட்டில் சுகமாகப் படுத்திருக்கும். கோயிலிலிருந்து உம்மைப் பார்க்க வந்த ஒரு அன்ரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாதாவுக்கு அடுக்குமா என்று கேட்டா. "மாதா கால் வைச்சிருக்கிறது வேறை பாம்பிலை அன்ரி. இதைப் பற்றி அவ ஒண்டும் சொல்லேல்லை" என்றீர். அன்ரி தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனா.

நான் மட்டும் என்ன? ஒரு வெள்ளிக்கிழமை தலை தோய்ந்துவிட்டு வந்து, பயத்தில் பாதி பக்தியில் பாதியாக, ஒரு கிண்ணத்தில் பால் வைத்தேன். சாம்பிராணியும் காட்டினேன். புகை பட்டதும் மாப்பிள்ளை தொட்டியின் கண்ணாடியில் மூக்கை இடித்து இடித்து ஓடத் தொடங்கியது. நீர் வேலையால் வந்து யன்னலைத் திறந்தீர். பாலை எடுத்து முகர்ந்து பார்த்தீர். அதைத்தான் என் கோப்பிக்கு விட்டீர் என்று நான் குடித்து முடித்த பிறகுதான் சொன்னீர்.

ஐஸ்கிறீம் பெட்டிக் கதையையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. எங்கள் ஆட்களின் பிறீசரில் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. நண்டோ, ஆட்டுக்கறியோ, போன மாதத்துக் குழம்போதான் இருக்கும். அன்று களைத்துப் போய் வந்து, சோற்றுக்கு எதையாவது சூடாக்குவோம் என்று வனிலாப் பெட்டியைத் திறந்தேன். வெள்ளெலிகள் வரிசையாகப் படுத்திருந்தன. நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் காலால் தரையில் இடித்தார்கள். "உது மாப்பிள்ளையின்ரை. உம்முடையது சொக்லேற் பெட்டி" என்றீர் நீர்.

ஆனாலும் நான் வேறு அறை தேடவில்லை. காரணம், நீர் அந்தப் பாம்போடு பழகிய விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

நீர் அதைத் தூக்கவே இல்லை. வேலையால் வந்ததும் தொட்டிக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு இருந்து உள்ளிப்பூண்டு உரிப்பீர், வெங்காயம் உரிப்பீர், செபமாலை சொல்லுவீர். அதைத் திரும்பியும் பார்க்கமாட்டீர். நீர் போட்டுக் கழற்றிய பழைய பெனியன் ஒன்றை உள்ளே ஒரு மூலையில் போட்டுவைத்தீர். "மணம் பழகட்டும்" என்றீர். கன நாட்களுக்குப் பிறகு, கையை உள்ளே விட்டு அடியில் விரித்து வைத்தீர், அவ்வளவுதான். பாம்பு வரும்வரை அல்ல, கை உளையும்வரை வைத்திருந்துவிட்டு எடுத்துவிடுவீர். அடுத்த நாளும் அப்படியே. எனக்குப் பார்க்கவே பத்திக்கொண்டு வந்தது.

"மேலாலை கையைக் கொண்டு போகக் கூடாது. பருந்து வாற மாதிரி இருக்கும் அதுக்கு. பக்கத்தாலை போகோணும்" என்றீர். இன்னொரு நாள் சொன்னீர்: "கோவக்காரப் பாம்பு எண்டு ஒண்டு இல்லையப்பா. பயந்த பாம்பு இருக்கு, பசிச்ச பாம்பு இருக்கு. எது எண்டு பாக்கத் தெரியோணும்."

இதை நான் என் தோலில்தான் படித்தேன். கோழி வெட்டிய கையை அவசரத்தில் தண்ணீரில் நனைத்துவிட்டு, மாப்பிள்ளையின் தண்ணீர்ச் சட்டியை மாற்றப் போனேன். கொத்திப் பிடித்தது. ஊசி குத்தினமாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். நான் செத்துவிட்டேன் என்றே முடிவுகட்டிச் சோபாவில் விழுந்தேன். நீர் என் கையை எடுத்துக் காயத்தைப் பார்க்கவில்லை, முகர்ந்து பார்த்தீர். "கோழி மணக்குது. உம்மிலை கோவமில்லை அவருக்கு, சாப்பாடு எண்டு நினைச்சுப்போட்டார்." சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டீர். எனக்குக் கோபம் ஆறவில்லை. இருந்தாலும் அன்றைக்குப் பிறகு பயம் ஏனோ பாதியாகிவிட்டது.

ஒருநாள் நீர் விரித்து வைத்த கையில் அது ஏறிற்று. நாக்கை நீட்டி நீட்டி மணம் பார்த்து, மணிக்கட்டால் வந்து, சட்டைக் கைக்குள் நுழைந்து, உம்முடைய கமக்கட்டுப் பக்கம் போய்ச் சுருண்டு படுத்தது. "உம்மிலை பாசம் வைச்சிட்டுது" என்றேன். நீர் மறுத்தீர்: "சூட்டைத் தேடி வந்திருக்கு. என்னைத் தேடி எண்டு நினைக்கிறது பிழை. அது காணும், அதுவே போதும்."

அந்த மாரியில், பனி கொட்டுகிற காலத்தில், அது சாப்பிடுவதை நிறுத்தியது. எலியை உருக்கி, சூடாக்கி, வாலில் பிடித்து நீட்டுவீர். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனக்கு அது விரதம், உமக்குத் தவக்காலம். ஈஸ்டர் வரட்டும், சாப்பிடும் என்று பகிடி விட்டீர். திணிக்கவில்லை, பின்னால் கொண்டு திரியவில்லை. நீட்டுவது, வேண்டாம் என்றால் எடுத்துவிடுவது. குளிர் குறைந்ததும் ஒருநாள் அதுவாகவே எலியைப் பிடித்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாரிக்கும் இதே கூத்துத்தான்.

இதெல்லாம் இவ்வளவு விபரமாக எனக்கு ஏன் நினைவிருக்கிறது என்றால், அடுத்த மாரியில் உம்முடைய மகள் வந்தாள்.

கணவர் காணாமல் போனபின், நீர் ஜெசியை உம்முடைய அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டீர். அப்போது அவளுக்குப் பால்பல் விழுகிற வயது. பேப்பர்கள் சரிவந்து அவள் விமானம் ஏறும்போது பெரியபிள்ளையாகியும் விட்டாள். நடுவில் எத்தனையோ தரம் இடம்பெயர்ந்தார்களாம், எங்கெங்கோ இருந்தார்களாம். நீர் அறிந்ததெல்லாம் தொலைபேசியில் கேட்டதுதான். அவள் வரப்போகிறாள் என்றதும் நீர் வேறு ஆளாக மாறிவிட்டீர். மூன்று தரம் திரைச்சீலை மாற்றினீர். ஜக்கற் வாங்கினீர், சப்பாத்து வாங்கினீர்.

கோயில் அன்ரியும் விடவில்லை. "குமர்ப்பிள்ளை வாற வீட்டிலை பாம்போ? நாளைக்குக் கலியாணம் பேசி வாறவைக்கு என்ன சொல்லுவீர்?" என்று கேட்டா. "மாப்பிள்ளை ஏற்கெனவே வீட்டிலைதான் எண்டு சொல்லுவம்" என்று நான் சொன்னேன். நீர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, தொட்டியைத் தூக்கி என்னுடைய அறைக்குள் வைத்தீர். பிள்ளை பயந்துவிடக் கூடாதாம். நான் பயந்தால் பரவாயில்லை. இப்படியாக மாப்பிள்ளை என் அறைக்கு வந்து சேர்ந்தார்.

விமான நிலையத்தில் நீர் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்ததை நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். உம்மைவிட அவள் உயரம். கையிரண்டையும் கீழே தொங்கவிட்டபடி நின்றாள். ஜக்கற்றைப் போட்டுவிட்டீர், அதன் கை மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்துவிட்டது. நீர் விட்டுவிட்டு வந்த பிள்ளையை மனதில் கொஞ்சம் வளர்த்து அந்த அளவுக்கு வாங்கியிருக்கிறீர். "நல்லா இருக்கு. தாங்ஸ்" என்றாள் அவள், கடைக்காரரிடம் சொல்வதுபோல. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் நீர் மட்டும்தான் கதைத்தீர்.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் இப்போதும் எனக்கு உம்மில் கோபம் வருகிறது. புட்டு, இடியப்பம், நண்டுக்கறி, ஒடியல் கூழ் என்று அவள் எழும்புவதற்கு முன்பே அடுப்பில் நின்றீர். சாப்பாட்டுக் கோப்பையை நிரப்பி முன்னால் வைத்துவிட்டு, வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பீர். "சாப்பிடம்மா. மெலிஞ்சு போனாய். இதாவது சாப்பிடு." அவள் இரண்டு வாய் வைப்பாள், கையைக் கழுவுவாள். தொட்டியடியில் கையை உளைய வைத்துக்கொண்டு காத்திருந்த மனுசிதானா இது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோப்பை கழுவும்போது பின்னால் போய்த் தலையைத் தடவினீர். அவள் உடம்பு முழுவதும் குறுகியது. கோப்பை கைதவறி உடைந்தது. அறைக்குப் போய் முழங்காலுக்குள் தலையை வைத்துச் சுருண்டு இருந்தாள். கதவு திறந்திருந்தது. நான் கண்டேன், நீர் காணவில்லை. நீர் கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தீர்.

அவள் உம்மை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதை நாங்கள் இரண்டு பேரும் கவனித்திருந்தோம். என்னை அன்ரி என்றாள். உம்மிடம் பேசவேண்டுமானால் கிட்ட வந்து நிற்பாள், நீர் திரும்பும்வரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரமாட்டேன் என்றபோது நீர் உடைந்தீர். தோளைப் பிடித்து உலுக்கினீர். "நான் உன்ரை தாயடி!" என்று கத்தினீர்.

"தெரியும்," என்றாள். "படத்திலை பாத்திருக்கிறன்."

நீர் என் அறைக்குள் வந்து, தொட்டிக்கு முன்னால் வெறுந்தரையில் இருந்தீர். அழவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எனக்கு வந்து சேர ஆள் ஒருவரும் இல்லாததால் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அதனால்தான் அப்படிக் கேட்டேனோ தெரியாது.

"மாப்பிள்ளை வந்த புதுசிலை நீர் எவ்வளவு காலம் தொடாமல் இருந்தீர்?"

"உது பாம்பு. இது என்ரை வயித்திலை பிறந்தது."

"அது உமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியுமே?"

நீர் என்னை முறைத்துப் பார்த்தீர். பிறகு வெகு நேரம் தொட்டியைப் பார்த்தீர். அன்றைக்கு மாப்பிள்ளை சட்டை கழற்றுகிற பருவத்தில் இருந்தது. கண் இரண்டும் பால் விழுந்தமாதிரி வெளிறிக் கிடந்தன. அந்த நாட்களில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, நிழல் பட்டாலே சீறும், கிட்டப் போகக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே நீர்தான். நான் அதை நினைவுபடுத்தவில்லை. எழும்பிப் போகும்போது தொட்டியின் மேல் ஒரு துவாயைப் போர்த்து மூடிவிட்டுப் போனீர்.

அடுத்த நாளிலிருந்து நீர் பட்ட பாட்டைக் கண்ட ஒரே சாட்சி நான். சமைத்து மேசையில் மூடி வைத்தீர். கூப்பிடவில்லை. சோபாவின் ஒரு அந்தத்தில் ஓரமாக இருந்து, உள்ளி உரித்துக்கொண்டு, விளங்காத இங்கிலிஷ் நாடகங்களைப் பார்த்தீர். சாப்பிட்டியோ என்று கேட்காமல் இருப்பதுதான் உமக்குப் பெரிய வதை. எங்கள் சனத்துக்குப் பாசத்தைச் சொல்ல அந்த ஒரு கேள்வியை விட்டால் வேறு வழி தெரியாது. ஒரு பின்னேரம் அவள் மேசைப் பக்கமே போகாமல் அறைக்குள் போய்விட்டாள். நீர் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, வீட்டுச் சட்டையோடு பல்கணிக் கதவைத் திறந்து பனிக்குள் போய் நின்றீர். நான்தான் உம்மை உள்ளே இழுத்தேன். பல் கிடுகிடுத்தது. "கேட்டிடுவன் எண்டு பயத்திலை வெளியாலை போனன்" என்றீர்.

மாப்பிள்ளையை அவள் கண்டுபிடித்ததும் அந்த நாட்களில்தான். என் அறையில் சிவப்பு வெளிச்சம் ஏன் என்று எட்டிப் பார்த்தாள். பயப்படவில்லை. "சும்மா பாம்புதானே" என்றாள். இடம்பெயர்ந்து பற்றைகளுக்குள் படுத்தெழும்பிய பிள்ளைக்கு நீர் திரைபோட்டு மறைத்த காட்சி அது. மாரி என்பதால் மாப்பிள்ளை வழக்கம்போல் சாப்பாட்டை நிறுத்தியிருந்தது. நான் நீட்டிய எலியைத் திரும்ப எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அன்ரி சாப்பிடேல்லை?"

"மனமில்லை."

"நீங்கள் ஏசமாட்டீங்களே?"

"ஏசினால் சாப்பிடுமே?"

"ஆர் வளக்கிறது?" என்று கேட்டாள். உன்ரை கொம்மா என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நீர் வேலையால் வந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தொட்டிக்குள் பக்கத்தால் விட்டு விரித்து வைத்ததை அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். அன்றைக்கு அது வரவில்லை. நீர் கையை எடுத்துவிட்டுக் கறி வைக்கப் போய்விட்டீர். அவள் அதற்குப் பிறகும் அங்கேயே நின்றாள்.

எத்தனை கிழமை போனது என்று நினைவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, எங்கள் கட்டடத்துச் சூடேற்றி பழுதாகி வீடு விறைத்துக் கிடந்தது. நீர் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுச் சோபாவில் வழக்கமான அந்தத்தில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தீர். நான் எதிர்க் கதிரையில் ஒரு சட்டைக்குக் கைமடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஜெசி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து மற்ற அந்தத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் காலைச் சோபாவுக்கு மேலே எடுத்தாள். பிறகு, தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, இரண்டு பாதங்களையும் மெல்ல நீட்டி, உம்முடைய தொடைக்கடியில் நுழைத்தாள்.

நீர் அசையவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. உள்ளி உரித்த கை மட்டும் நின்று, பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது. உரித்து முடிந்துவிட்டது, உரித்த பல்லையே எடுத்து உரித்துக்கொண்டிருந்தீர். குசினியிலிருந்து மணம் வரத் தொடங்கியது. நான் எழும்பப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் மறித்தீர். நான் நடந்தால் அந்தக் கால்கள் பின்வாங்கிவிடும் என்று பயந்தீர்போல. நானும் விசரிமாதிரி அப்படியே இருந்தேன். மணம் புகையாகியது.

"அம்மா, சோறு அடிப்பிடிக்குது" என்றாள் ஜெசி.

"பிடிக்கட்டும்" என்றீர்.

கால் விறைத்து நீர் எழும்ப முடியாமல் கிடந்ததும், பானை கருகி எறிந்ததும், மேல்சோற்றைக் கிண்டி எடுத்து மூவருமாகச் சம்பலோடு தின்றதும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அவள் இரண்டாம் தரம் சோறு போட்டாள். நீர் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தீர். பின்னர் கோப்பை கழுவும்போது என்னிடம் மட்டும் சொன்னீர்: "குளிருக்குத்தான் வைச்சவள். என்னைத் தேடி எண்டு நினைக்கக் கூடாது." சொல்லும்போது உம்முடைய முகம் முழுவதும் கண்ணீர். அது காணும் என்று நீர் அன்றைக்குச் சொல்லவில்லை.

அந்த வருடம் மாப்பிள்ளை ஈஸ்டருக்கும் சாப்பிடவில்லை. பிந்தித்தான் தொடங்கியது. அதற்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாதுதானே.

ஜெசி கலியாணம் முடித்து ரூஜில் வீடு வாங்கியபோது பாம்பையும் உம்மையும் சேர்த்துத்தான் கொண்டு போனாள். உண்மையான மாப்பிள்ளைக்குப் பாம்பின் பெயர் தெரிந்த அன்று அவர் இராச்சாப்பாடு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை என்று நீர் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தீர். பாம்பு கன காலம் உயிரோடு இருந்தது. போய்ச் சேர்ந்ததும் நல்ல மாரியில். நிலம் கல்லாக இறுகியிருந்ததால் கிடங்கு வெட்டித் தாழ்க்க முடியவில்லை. பனி உருகும்வரை உம்முடைய பிறீசரில், ஐஸ்கிறீம் பெட்டிக்குள் இருந்தது. மூடியில் பெயர் எழுதி ஒட்டச் சொன்னேன், அனுபவப்பட்டவள் என்ற உரிமையில்.

உம்முடைய கடைசிக் கிழமையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அப்போது நடந்த ஒன்றை நீர் அறியாமல் போயிருப்பீரோ என்று ஒரு சந்தேகம், அதனால் எழுதுகிறேன்.

ஆசுப்பத்திரியில் ஆள் மாறி ஆள் வந்தார்கள். எல்லோரும் மேலே குனிந்தார்கள், நெற்றியைத் தடவினார்கள். ஒவ்வொரு கைக்கும் நீர் முகத்தைச் சுழித்துத் தலையணைக்குள் ஒளிந்தீர். மருந்தில் கண் மங்கிக் கிடந்தது. கோயில் அன்ரி, அவவுக்கும் இப்போது நல்ல வயது, போத்தலில் கஞ்சி கொண்டுவந்து, "ஒரு வாய் குடியும், உடம்புக்குத் தெம்பு வேணும்" என்று கரண்டியை வாயில் வைத்து நெருக்கினா. நீர் பல்லைக் கடித்துக்கொண்டீர். ஜெசி எழும்பிக் கரண்டியை மெதுவாக வாங்கினாள்.

"விடுங்கோ அன்ரி. வேணுமெண்டால் கேப்பா."

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்தாள். கதிரையைத் தலைமாட்டில் போடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், உம்முடைய இடுப்பளவில் போட்டு இருந்தாள். தன் கையை விரித்து, உள்ளங்கை மேலே தெரிய, வெள்ளைத் துணியில் உம்முடைய கைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிடிக்கவில்லை, தொடவுமில்லை. உம்மைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை உளைந்திருக்கும். அவள் எடுக்கவில்லை.

உம்முடைய விரல்கள் அசைந்தன. துணியைத் தடவித் தடவி வந்து அவளுடைய மணிக்கட்டைத் தொட்டன. அப்படியே ஏறி உள்ளங்கைக்குள் மடங்கிப் படுத்துக்கொண்டன. சூட்டுக்குத்தானோ, அவளைத் தேடித்தானோ, எனக்குத் தெரியாது. இந்த முறை நீர் சொல்லவும் இல்லை. நான் வெளியே போய்த் தண்ணீர் மெசினுக்குப் பக்கத்தில் நின்று நன்றாக அழுதேன்.

ரோல்ஸ் பெட்டிகள் இப்போது காரின் பின் இருக்கையில் இருக்கின்றன. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. ரூஜுக்குப் போகவேண்டும். வீடு நிறையச் சனம் இருக்கும். வருகிற எல்லோரும் ஜெசியைக் கட்டிப்பிடிப்பார்கள், மெலிந்து போனாய் என்பார்கள், கோப்பையை நிரப்பிக் கையில் திணிப்பார்கள். நான் சோபாவின் மற்ற அந்தத்தில் போய் இருப்பேன். உரிப்பதற்குக் கொஞ்சம் உள்ளி கேட்டு வாங்கிக்கொள்வேன்.

சாப்பிட்டியோ என்று கேட்கமாட்டேன்.